பல்லி சொன்னதால் விட்டுப்போன சொற்கள்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே

என் மனைவி பூங்கொடியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் வரவில்லை.

விழுப்புரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது அந்த இங்கிலீஷ் கோச்சிங் சென்டர். படி முடிகிற இடத்தில் செருப்பு ஸ்டாண்டு, அதை ஒட்டிக் கண்ணாடிக் கதவு. என் ஷேர் ஆட்டோவைக் கீழே ஓரங்கட்டிவிட்டு, அவளை அழைத்துப்போக மேலே வந்து நின்றிருந்தேன். உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கதவின் அடி இடுக்கு வழியாக வந்த குளிர் என் கால் விரல்களில் மட்டும் பட்டது. உள்ளே பேசுவதும் அந்த இடுக்கு வழியாகக் கேட்டது.

உள்ளே மாதிரித் தேர்வு. பூங்கொடி திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் ரயிலில் போய் வருகிறாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு நர்ஸ்களுக்கென்றே ஓர் இங்கிலீஷ் பரீட்சை உண்டு. எழுதினால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ அவருடைய சொந்தக்காரராகவோ நடிப்பார். நர்ஸ் அவரிடம் நர்ஸாகவே பேச வேண்டும்.

அன்று ஜெனிபர் மிஸ் ஒரு நோயாளியின் மகளாக நடித்தார். அப்பா இனிப் பிழைக்க மாட்டார் என்பது மகளுக்குத் தெரியாது. "எங்கப்பாவை எப்போது வீட்டுக்கு அழைத்துப் போகலாம்?" என்று மிஸ் இங்கிலீஷில் கேட்டது எனக்கே புரிந்தது. பூங்கொடி பக்குவமாகப் பதில் சொல்ல வேண்டும்.

அவள் வாய் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் ஓடின. பயந்துவிட்டாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், அவள் முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்து வரிசையாகத் தேடிக்கொண்டு வருகிறாள்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். அவள் தேடுகிற சொல் அந்த வரிசையிலேயே இல்லை. எடுத்துவிட்டவன் நான்.

மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னும் மூணு வாரம்தான் இருக்கு பூங்கொடி. தள்ளிப் போட்டுக்கலாமா?"

"வேணாம் மிஸ். ஒரு வாட்டி பேச்சுல போயிடுச்சி. இது ரெண்டாவது. இதுலயும் வரலன்னா புக்கை மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடுவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். கதவுக்கு வெளியே நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

முதல் கியரிலிருந்து

போன வாரம் ஆட்டோவுக்கு எலுமிச்சம்பழம் கட்டிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களுக்கு என் குணம் கொஞ்சம் பிடிபட்டிருக்கும். சகுனம் பார்க்கிறவன். படிப்பு ஒன்பதோடு சரி. பத்தாவதில் இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. ஆனால் அங்காளம்மன் பேரில் நூற்றெட்டுப் போற்றியைப் புத்தகம் பார்க்காமல் சொல்வேன். எங்கள் தெருக் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் முன்னால் நின்று சொல்வது. கூட்டம் பின்னால் சொல்லும்.

அப்படிச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. ஓர் ஆடி வெள்ளியில் பாதி தாண்டியிருப்பேன். பக்கத்துச் சந்தில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். அந்த அதிர்ச்சியில் அடுத்த போற்றி வாயில் வரவில்லை. எவ்வளவு முக்கியும் வரவில்லை. கற்பூரத் தட்டை ஏந்தி நின்ற பூசாரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, வண்டி ஆஃப் ஆயிடுச்சா? முதல் கியர்லருந்து எடு."

முதல் போற்றியிலிருந்து எடுத்தேன். கூட்டமும் முனகிக்கொண்டே மறுபடி சொன்னது. வரிசை கையில் இருக்கும்வரை நான் ராஜா, அறுந்தால் ஒன்றுமில்லை என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

பூங்கொடி முதல் தடவை பேச்சுப் பகுதியில் கோட்டை விட்டபோது, "உங்களுக்குச் சொல் வளம் போதாது" என்று மிஸ் சொல்லி, கடினமான இங்கிலீஷ் சொற்களை ஒரு கத்தை ஜெராக்ஸாகக் கொடுத்தார். டியூட்டி முடிந்து வரும் ரயிலில் அவளுக்குத் தூக்கம்தான் வரும். பேரணி ஸ்டேஷன் தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடும். எனவே நான் உள்ளே புகுந்தேன்.

"நான் நோட்டுல எழுதித் தர்றேன். போற்றி மாதிரி மனப்பாடம் ஏத்திடலாம்" என்றேன்.

எட்டாவது படிக்கும் எங்கள் மகள் யாழினி உச்சரிப்பும் அர்த்தமும் சொன்னாள். நான் தமிழ் எழுத்தில் எழுதினேன். ஒரு வரிசைக்கு நூற்றெட்டுச் சொற்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. முதல் சொல் 'ஆஸ்பிஷியஸ்'. மங்களகரமானது என்று அர்த்தமாம். அப்படி ஒரு சொல் கிடைத்ததே ஆத்தாள் கொடுத்தது என்று நினைத்தேன்.

காலையில் பூங்கொடி தோசைக் கல்லின் முன்னால் நின்று சொல்வாள். நான் சுவாமி விளக்கைத் துடைத்துக்கொண்டே கேட்பேன். அடுப்புச் சத்தத்துக்கு மேலே சொற்கள் மடமடவென்று விழும். யாழினி பல் துலக்கியபடி வந்து ஒவ்வொன்றுக்கும் "போற்றி" போடுவாள்.

"உங்கப்பனைத்தான் சொல்லணும்" என்பாள் பூங்கொடி. "நாளைக்குத் தட்டுல கற்பூரம் ஏத்திக்கினு பரீட்சைக்குப் போவச் சொல்வாரு."

ஆனாலும் சொன்னாள். இரண்டு மாதத்தில் ஏழு வரிசைகள். ஒரு சொல் பிசகாது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

நான் எடுத்த சொற்கள்

மூன்றாவது வரிசையை எழுதிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், யாழினி அடுத்த சொல்லைப் படித்தாள். 'டிட்டீரியரேட்.' நிலைமை வரவர மோசமாவது. அடுத்தது 'பிரீவ்மென்ட்.' நெருங்கியவரைப் பறிகொடுத்த துக்கம்.

பேனாவை வைத்தேன். சுவரில் பல்லி சொன்னது.

வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். கட்டிய மனைவி தினமும் காலையில் வாய்விட்டுச் சொல்லப்போகிற சொல்.

"இது ரெண்டும் வேணாம்மா. அடுத்தது படி."

"மிஸ் லிஸ்ட்ல இருக்குப்பா."

"இருக்கட்டும். அம்மாக்கிட்ட சொல்லாத."

அன்று இரண்டு. அதன்பின் பல்லி சொல்லாமலே நானாக எடுத்தேன். 'டெர்மினல்', முடிவை நெருங்கிய நோய். 'இர்ரிவர்சிபிள்', இனித் திரும்பாது. 'பாலியேட்டிவ்', நோய் தீராதென்று தெரிந்தபின் நோவைத் தணிக்கிற வைத்தியம். அர்த்தத்தில் சாவு வாடை அடித்த எதையும் வீட்டுக்குள் விடவில்லை. நோட்டு முடிந்ததும் ஜெராக்ஸ் கத்தையைப் பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். நோட்டு என் கையெழுத்தில் இருந்ததால் பூங்கொடி சரிபார்க்கவே இல்லை.

அவள் நர்ஸ். நோயின் பெயர்களும் மருந்தின் பெயர்களும் எனக்கு முன்பே அவளுக்குத் தெரியும். துக்கத்தில் நிற்கிறவரிடம் நிறுத்தி நிதானமாகப் பேசுவதற்கான இங்கிலீஷ்தான் அவளிடம் இல்லை. அதைத்தான் நான் பரணில் ஏற்றியிருந்தேன்.

'ங்க' போன பிறகு

மாதிரித் தேர்வு முடிந்து அவள் ஆட்டோவில் ஏறினாள். மேம்பாலத்தின் அடியில், கரும்புச்சாறு வண்டி பக்கத்தில் நிறுத்தினேன்.

"இன்னாங்க, இங்க நிறுத்தறீங்க?"

சொன்னேன். பல்லியிலிருந்து பரண்வரை எல்லாம் சொன்னேன். கரும்பு நசுங்குகிற சத்தம் நின்று நின்று வந்தது.

"எத்தினி வார்த்தை?"

"நாப்பது இருக்கும்."

"பல்லி எந்தப் பக்கத்துலருந்து சொன்னுது?"

"அதைப் பாக்கல."

"அதக்கூடப் பாக்காமத்தான் எடுத்தியா நீ?"

கோபம் வந்தால் அவளிடமிருந்து 'ங்க' போய்விடும். நான் ஹேண்டில் பாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வருஷா வருஷம் மயானக் கொள்ளைக்கு முன்னால ஓடறது யாரு? சுடுகாட்டுல எறியற கொழுக்கட்டையப் புடிச்சிக்கினு வந்து, துன்னு துன்னுன்னு எங்க வாயில திணிக்கறது யாரு?" என்றாள். "நீ கும்புடற ஆத்தா சுடுகாட்டுலயே ஆடறவ. அவளுக்கு இல்லாத தீட்டு உனக்கு எங்கருந்து வந்துது?"

இத்தனை வருஷம் அவளைக் கும்பிட்டிருக்கிறேன். மயானத்தில் நின்றுதான் கும்பிட்டிருக்கிறேன். இதை ஒருமுறைகூட யோசித்ததில்லை.

பூங்கொடியின் குரல் தணிந்தது. "வார்டுல கண்ணை மூடறவங்க இருக்கத்தான் செய்யறாங்க. டாக்டர் சொல்லிட்டுப் போயிடுவாரு. அப்புறம் அந்த சொந்தக்காரங்க மூஞ்சிக்கு நேரா நிக்கறது நாந்தாங்க. வார்த்தைய எடுத்துட்டா நான் எதை வெச்சி நிக்கறது?"

'ங்க' திரும்பியிருந்தது. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கிளி எங்கே?

அன்றைக்கே பரணிலிருந்து ஜெராக்ஸை இறக்கினேன். நோட்டைக் கிழித்து, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனிச் சீட்டாக வெட்டி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினோம். எடுத்த நாற்பதையும் வேறு தாளில் எழுதி வெட்டினோம். இனி வரிசை கிடையாது. கைக்கு வந்த சீட்டை எடுத்து, அன்று பார்த்த ஓர் ஆளைப் பற்றி அந்தச் சொல்லை வைத்துப் பேச வேண்டும். இது யாழினியின் யோசனை.

ரயிலடியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே டின் திறந்துவிடும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் அஞ்சலை அக்கா கூடையோடு ஏறினார் ஒருநாள். சீட்டுகளைப் பார்த்தார்.

"இன்னா சிஸ்டரு, ஜோசியமா? கிளி எங்க?"

"கிளி முன்னால வண்டி ஓட்டிக்கினு கீது" என்றாள் பூங்கொடி. வண்டியே சிரித்தது.

அன்று வந்த சீட்டு 'ரிலக்டன்ட்'. மனசில்லாமல் தயங்குவது. ஓர சீட்டை விட்டு நடுவில் நகர மாட்டேன் என்ற அஞ்சலை அக்காவைப் பற்றியே பூங்கொடி இங்கிலீஷில் இரண்டு வாக்கியம் பேசினாள். "என்னத்தான் திட்டறன்னு தெரியுது, ஆனா நல்லாத்தான் கீது" என்று அக்கா ஒரு கை மல்லாட்டை கொடுத்துவிட்டு இறங்கினார்.

ஆனால் அந்த நாற்பது சீட்டும் டின்னுக்குள் போகவில்லை. பூங்கொடி போடச் சொன்னாள். நான்தான் இன்று நாளை என்று இழுத்தேன். அமாவாசை வந்தது. அவற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போய் ஆத்தாளின் முன் வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு. பூங்கொடிக்கு அன்று லீவு. அவளும் வந்தாள்.

வரிசையில் நின்ற அம்மா

பகல் கூட்டமே தகரக் கொட்டகைக்கு வெளியே நீண்டிருந்தது. நசுங்கிய எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் கற்பூரமும் சேர்ந்த வாடை. வரிசை ஓர் அடி நகரும், நிற்கும்.

"சும்மா நிக்கறதுக்குச் சீட்டைக் குடுங்க" என்றாள்.

"இங்கயா?"

"இங்கதான். மொதல்ல நீங்க சொல்லுங்க."

ஒரு சீட்டை எடுத்தேன். என் கையெழுத்துதான். "பிரீவ்மென்ட்" என்றேன். நாக்கு தடுக்கியது. இன்னொரு தடவை சொன்னேன். பூங்கொடி அர்த்தம் சொல்ல, அடுத்ததை எடுத்தேன்.

எங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழ மாலையோடு நின்ற அம்மா திரும்பினார். ஐம்பது வயது இருக்கும். தோளில் மஞ்சள் பை.

"என்னா மந்தரம் தம்பி அது? எனக்கும் சொல்லிக் குடேன். வூட்டுக்காரருக்கு ஒடம்பு முடியல."

சீட்டை மடக்கிக்கொண்டேன். பூங்கொடி கேட்டாள்: "எந்த ஊரும்மா?"

"கிளியனூரு. பாண்டிச்சேரில ஒரு மாசம் பெட்ல வெச்சிருந்தோம். கல்லீரலாம். இப்ப டாக்டரு வூட்டுக்குக் கூட்டிக்கினு போ, கேட்டதச் செஞ்சி குடுன்னு சொல்லிட்டாரு. தேவலாம்னுதானே அனுப்புவாங்க? அதான் ஆத்தாவுக்கு மாலை சாத்தலாம்னு வந்தேன்."

பூங்கொடி என்னைப் பார்க்கவில்லை. "நான் நர்ஸும்மா. பேப்பர் கீதா?" என்று கேட்டாள்.

மஞ்சள் பையில் ஃபைல் இருந்தது. வரிசை நகர்ந்தபோது இரண்டு பேரும் கம்பியோரமாக ஒதுங்கி நின்றார்கள். அவள் ஒவ்வொரு தாளாகப் படித்தாள். சாப்பிடுகிறாரா, பகலெல்லாம் தூங்குகிறாரா, கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டாள். ஃபைலில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, தான் யாரென்று சொல்லி, அந்த அம்மாவையும் பேசவிட்டு, அங்கிருந்த சிஸ்டரிடம் கேட்டாள். பிறகு போனை வைத்துவிட்டு அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவுரு தேவலாம்னு அனுப்பல. இனிமே மருந்து வேலை செய்யாதுன்னு அனுப்பியிருக்காங்க. நோவு தெரியாம பாத்துக்கத்தான் மாத்திரை குடுத்திருக்காங்க."

அந்த அம்மா அவள் வாயையே பார்த்தார். "எத்தினி நாளு?"

"நாள் சொல்ல யாராலயும் ஆவாதும்மா. நெறைய இல்ல. பசங்க எங்க கீறாங்க?"

"ஒரே மவன். துபாய்ல. தீவாளிக்கு வர்றேன்னான்."

"இன்னிக்கே போன் பண்ணி வரச் சொல்லுங்க. தீவாளிவரைக்கும் காத்திருக்க வேணாம்."

அவர் அழவில்லை. மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப இந்த மாலை?"

"சாத்துங்கம்மா. நோவு இல்லாம இருக்கணும்னு கேளுங்க." ஃபைல் அட்டையில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

பதினைந்து வருஷக் குடித்தனம். என் மனைவி வேலை செய்து நான் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். சந்நிதியில் என் முறை வந்தபோது நாற்பது சீட்டையும் வெளியே எடுக்கவில்லை. கும்பிட்டேன், புற்று மண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பும் பஸ் செஞ்சி தாண்டியதும் கேட்டேன். "அந்தம்மாக்கிட்ட சொன்னியே, அத இங்கிலீஷ்ல சொல்லேன்."

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தாள். எனக்குப் பாதி புரியவில்லை. நடுவில் டிட்டீரியரேட் வந்தது. பாலியேட்டிவ் வந்தது. ஏழு வரிசைகளில் எங்கெங்கோ இருந்த சொற்களும் வந்தன. சத்தமில்லாமல் உதடு ஓடவில்லை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்வரை பேசினாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்பது சீட்டையும் டின்னில் கொட்டிக் குலுக்கினேன்.

சர்க்கரை மாத்திரை

பரீட்சை சென்னையில். அன்று நான் சவாரிக்குப் போகவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஆட்டோவை நிறுத்திப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அடித்தது.

"என்னா கேட்டாங்க?"

"சர்க்கரை மாத்திரை சாப்பிட மாட்டேன்னு ஒரு பெரியவரு அடம் புடிக்கறாரு. அவருக்கு எடுத்துச் சொல்லணும். அவ்ளோதான்."

"அந்த நாப்பது?"

"அதுல ஒண்ணும் வரல."

"அடப்பாவமே. அத்தனையும் வீணா?"

அந்தப் பக்கம் சென்னை டிராபிக் சத்தம். "கிளியனூரு அம்மா காலையில போன் பண்ணாங்க" என்றாள். "மவன் புதன்கெழமை வந்துட்டானாம். ரெண்டு நாளு அப்பா கூடவே படுத்திருந்தானாம். நேத்து அவுரு போயிட்டாரு. மவன் கையால பால் ஊத்துனானாம்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அத உங்ககிட்ட சொல்லணும்னுதாங்க மொதல்ல போன் எடுத்தேன்."

ரிசல்ட் சில வாரம் கழித்து வந்தது. எல்லாப் பகுதியிலும் தேறியிருந்தாள். யாழினி பிஸ்கட் டின்னைத் தட்டித் தாளம் போட்டாள். விசா வேலைகள் இப்போதும் நடந்துகொண்டிருக்கின்றன.

பூங்கொடியின் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு சின்ன நர்ஸ், அடுத்த தடவை பரீட்சை எழுதுவதற்கு அந்தச் சொற்களைக் கேட்டாள். டின்னைக் கொடுக்க எங்களுக்கு மனசில்லை. புதிதாக எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த நேரம். யாழினி ஜெராக்ஸிலிருந்து படித்தாள். "டிட்டீரியரேட்."

எழுதிக்கொண்டிருந்தேன். சுவரில் பல்லி சொன்னது.

யாழினி படிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அடுப்பங்கரையில் பூங்கொடியின் கரண்டிச் சத்தமும் நின்றது.

எழுதிய சொல்லை முடித்தேன். "அடுத்தது படிம்மா" என்றேன்.